பதினாறு கிலோ எப்படிக் குறைந்தது என்று கேட்டவளுக்கு

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பகுதியில் ஒரு புதுச்சேரிக் குடும்பத்தில் குழந்தைக்குக் காது குத்தினார்கள். பாரிசுக்கு வெளியே, இந்த ஊரில் நம்மவர்கள் முப்பது நாற்பது வீடுகள் இருக்கிறோம். நகராட்சி ஹாலை வாடகைக்கு எடுத்து, ஆளுக்கு ஒரு குழம்பு, ஒரு பொரியல் என்று பகிர்ந்து சமைத்துக் கொண்டுபோனோம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். தவளக்குப்பத்துப் பெண். வாயாடி, ஆனால் நல்ல மனசு.

"யக்கா, கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன். எப்டி இப்டி எளச்ச? பேலியோவாமே. அது நெசமாவே வேல செய்யுதா?"

"தெரியலம்மா," என்றேன்.

"தெரியலயா? எளச்ச ஒடம்பு ஒன்னுதுதான, பக்கத்து வூட்டுக்காரிதா?" என்று சிரித்தாள். நான் பேசாமல் இருந்ததும் அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "சரி, சொல்லாத போ. நான் மட்டும் குண்டாவே கெடக்கறேன்."

நான் ரகசியம் காக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ரெட்டியார்பாளையத்தில் பத்தாவது வரை படித்தேன், வகுப்பில் கையைத் தூக்கியதே இல்லை. அதனால் அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை எழுதுகிறேன். ஊரில் இதைப் படிக்கிறவர்களிலும் அதே கேள்வி உள்ளவர்கள் இருப்பார்கள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

2

எனக்கு வயது நாற்பத்தொன்பது. கல்யாணமாகி இங்கே வந்து இருபத்தாறு வருஷம். என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், ஊரில் சொல்வோமே, சொல்தா வீடு. என் வீட்டுக்காரருக்கு அந்த வழியில் குடியுரிமை. எனக்கு வேண்டுமென்றால் ஒரு அதிகாரி முன்னால் உட்கார்ந்து பிரெஞ்சில் பேசிக் காட்ட வேண்டும். ஒரு தடவை போனேன். "ஏன் பிரான்சில் வாழ விரும்புகிறீர்கள்?" என்று அந்த அம்மா கேட்டார். எனக்குப் பதில் தெரியும், வார்த்தைகளும் தெரியும், வாய்தான் திறக்கவில்லை. அதோடு விட்டுவிட்டேன். பத்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிற குடியிருப்பு அட்டையோடு இருக்கிறேன்.

ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை. பிள்ளைகளுக்கு ரொட்டி நறுக்கி வைப்பது, உருளைக்கிழங்கு மசியலைத் தட்டில் போடுவது, மேசை துடைப்பது. மிச்சம் விழுவதைப் பார்க்க மனசு கேட்காது, வாயில் போட்டுக்கொள்வேன். எண்பத்திரண்டு கிலோவாகிவிட்டேன். மாடி ஏறினால் முட்டி அழுதது.

தோழி ஒருத்திதான் பேலியோ பற்றிச் சொன்னாள். அரிசி, கோதுமை, பருப்பு, கிழங்கு, சர்க்கரை, பழம் ஒன்றும் கிடையாது. காலையில் ஊறவைத்து நெய்யில் வறுத்த பாதாம் நூறு. மதியம் காய்கறி, பனீர். ராத்திரி முட்டையோ கறியோ, கொழுப்போடு. ஆதிமனிதன் தின்றதுதான் நம் உடம்புக்கு ஒத்துவரும் என்பது பேலியோக்காரர்கள் கணக்கு. தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். இங்குள்ள டாக்டரிடம் போனேன். அவர் என்னிடம் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? இல்லை என்றேன். உண்மையிலேயே இல்லை. சரி, மாதம் ஒரு தடவை வந்து காட்டுங்கள் என்றார்.

இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தது. முட்டி வலி பாதியானது. பிறகு எடைக்கருவியில் முள் அசையவில்லை. எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் இப்படி நிற்குமாம்.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் வீட்டைவிட்டுப் போனாள்.

3

அபிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள், இரண்டும் ஒரு வீட்டுக்குள் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. கூடப் படித்த பையனோடு சேர்ந்து வேறு ஊரில் குடியிருக்கப் போவதாகச் சொன்னாள். கல்யாணமா என்றேன். இல்லை, சேர்ந்து இருக்கப் போகிறோம் என்றாள். "அப்டின்னா இந்த வாசப்படிய மிதிக்காத" என்று சொல்லிவிட்டேன். வாயே திறக்காத நான், திறந்த ஒரு நாளில் அதைச் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு நீளமான செய்தி அனுப்பினாள், பிரெஞ்சில். எனக்குக் கடைச் சீட்டும் பள்ளி அறிவிப்பும் படிக்க வரும். இது அந்த மாதிரி பிரெஞ்சு இல்லை. வீட்டுக்காரரிடம் காட்ட வெட்கமாக இருந்தது. என்னோடு வேலை செய்கிற அல்ஜீரியக்காரி ஒருத்தியிடம், பாத்திரம் கழுவுகிற இடத்தில் வைத்து, போனை நீட்டினேன். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள். பிறகு எளிதான வார்த்தைகளில் எனக்குச் சொன்னாள்: "கொஞ்ச நாள் வேணுமாம். நீயா கூப்பிடாதே, அவளே கூப்பிடுவாளாம்." அவ்வளவு நீளமான செய்தியில் அவ்வளவுதான் இருந்திருக்க முடியாது. மீதியை அவள் எனக்காக விழுங்கிவிட்டாள்.

என் மகள் எனக்கு எழுதியதை நான் இன்னும் முழுதாகப் படிக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு மட்டுமல்ல, பாதாமும் இறங்கவில்லை. பள்ளியில் நூற்றைம்பது பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டு வெறும் காபியோடு வருவேன். ஐந்து மாதத்தில் இன்னும் பதினொரு கிலோ போனது. எல்லாரும் பாராட்டினார்கள். ஐந்து கிலோவைக் குறைத்தது பேலியோ. பதினொன்றைக் குறைத்தது எது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஊரில் எவருக்கும் அபி போனது தெரியாது. "அபி படிக்கிறா, வேற ஊர்ல ஹாஸ்டல்" என்று சொல்லிவைத்திருந்தோம். வெளிநாட்டில் இருக்கிற எங்களுக்கு இது பழக்கம். இங்கே நடக்கிற கெட்டதை ஊருக்குச் சொல்ல மாட்டோம், கவலைப்படுவார்கள். ஊரில் நடக்கிற கெட்டதை அவர்களும் எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், தூரத்தில் இருக்கிறவர்கள் என்ன செய்ய முடியும். என் அப்பாவுக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்ததே ஆறு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். இதைப் பாசம் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

4

என் தம்பி சேகர் என்னைவிட ஐந்து வயது இளையவன். தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் குடம் செய்கிற ஒரு சின்ன தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தொண்ணூற்றெட்டு கிலோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் என்னைப் பார்த்ததும் வாயைப் பிளந்தான்.

"இன்னாக்கா இது! மின்விசிறிய நிறுத்து, பறந்துடப் போற. எப்டிக்கா?"

"பேலியோடா."

"எனக்கும் சொல்லிக் குடுக்கா. ஷிஃப்ட்ல மாடி ஏறி எறங்க முடியல. பசங்க என் பின்னாடி குடம் வருது குடம் வருதுன்றானுங்க."

எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் யோசனை கேட்டது கிடையாது. என் கல்யாணத்துக்கே என்னைக் கேட்கவில்லை. முதல் தடவையாக ஒருவன் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தான். அந்தப் பெருமையை மறைக்க மாட்டேன். ஒரு மணி நேரம் பேசினேன். டாக்டர் என்னைக் கேட்ட கேள்வியையும் மறக்காமல் கேட்டேன்.

"டேய், மொதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணிடணும். மாத்திர கீத்திர எதுனா சாப்பிடறியா?"

"எனக்கு இன்னாக்கா கேடு? கல்லு மாதிரி கீறேன்."

அவனுக்குப் பின்னால் அவன் மனைவி மல்லிகா நின்றிருந்தாள். கையில் கரண்டி. முகம் திரையில் பாதிதான் தெரிந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அவனுக்கு இரண்டு வருஷமாகச் சர்க்கரை இருந்தது, எனக்குப் பிறகுதான் தெரிந்தது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று மாத்திரை. நான் முந்தின தடவை ஊருக்குப் போனபோது அவன் மாத்திரை போடுவதைப் பார்த்துக் கேட்டேன். கேஸ் மாத்திரை என்றான்.

பேலியோ ஞாயிற்றுக்கிழமைகள் சந்தோஷமாக இருந்தன. நான் இங்கிருந்து பாதாம் பொட்டலம் அனுப்பினேன். "நூறு நூறா எண்ணி எண்ணி எனக்கு கணக்கு வந்துடுச்சுக்கா. பத்தாவதுல எண்ணியிருந்தா பாஸ் ஆயிருப்பேன்" என்பான். மல்லிகா பின்னாலிருந்து, "உங்க தம்பி கற்காலத்துக்குப் போய்ட்டாரு அண்ணி. இட்லி சுட்டா மூஞ்ச திருப்பிக்கறாரு. கையில ஒரு வேலு குடுத்தா ஊசுட்டேரி பக்கம் வேட்டைக்குப் போய்டுவாரு" என்பாள். இரண்டு மாதத்தில் ஏழு கிலோ குறைத்தான். பெல்ட்டில் புது ஓட்டை போட்டு எனக்குக் காட்டினான்.

பிறகு அவனுக்கும் நின்றுவிட்டது.

"தொண்ணூத்தி ஒண்ணுலயே நிக்கிதுக்கா. உனக்கு மட்டும் எப்டி நிக்காம பதினாறு எறங்குச்சு? வேற எதுனா பண்ணியா?"

காலத்தில் திரும்பிப் போக முடியுமென்றால் நான் அந்த நிமிஷத்துக்குத்தான் போவேன். எனக்கும் ஐந்தில் நின்றதுடா, மீதி என் பொண்ணு போன துக்கத்தில் போனதுடா என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அழுவான், என் வீட்டுக்காரரிடம் பேசுவான், அபியைத் தேடி லீவு போட்டுப் புறப்பட நினைப்பான். அதைவிட, நான் சொல்லிக்கொடுக்கிற அக்காவாக இருக்க ஆசைப்பட்டேன்.

"வேற ஒண்ணும் இல்லடா. எல்லாம் பேலியோதான். நீ இன்னும் கொஞ்சம் கட்டுப்பாடா இரு."

"அப்ப நான்தான் எங்கியோ தப்பு பண்றேன்" என்றான்.

அடுத்த நாளிலிருந்து காலைப் பாதாமை விட்டுவிட்டானாம். பால் சேர்க்காத வெறும் தேநீர். சில நாள் மதியம் வரைக்கும் அதுவே. மாத்திரையை மட்டும் விடவில்லை. அதை விட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார், அந்தப் பேச்சைக் கேட்டான். சாப்பாட்டைக் குறைக்கிறேன், மாத்திரை அளவைப் பாருங்கள் என்று அந்த டாக்டரிடம் போய்ச் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்தச் சொல்லிவிடுவார் என்ற பயம்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பினான். கை நடுங்கியதாம், சட்டை நனைந்திருந்ததாம். வெயில் என்று நினைத்திருக்கிறான். விழுப்புரம் ரோட்டில் வண்டியோடு நடுச் சுவரில் போய் மோதினான். தலையில் அடி. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிக் கிடந்தது. மாத்திரை அதன் வேலையைச் செய்திருக்கிறது. இறக்குவதற்குத்தான் வயிற்றில் ஒன்றும் இல்லை.

5

எனக்கு வந்த செய்தி, "சின்னதா விழுந்துட்டாரு, ரெண்டு தையல்."

நான்கு நாள் அதைத்தான் நம்பினேன். போனைக் கொடு என்றால் தூங்குகிறான் என்றார்கள். ஐந்தாம் நாள், பள்ளியில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தபோது, மல்லிகாவின் அண்ணன் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னார். ஆறாம் நாள் என் தம்பி போய்விட்டான்.

என் பத்து வருஷ அட்டை அப்போது காலாவதியாகிப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தது. கையில் அதற்கான ரசீதுக் காகிதம்தான். அதோடு வெளிநாடு போனால் திரும்ப விடுவார்களா என்று கேட்க, பிரெபெக்தூர் என்கிற அரசு அலுவலகத்துக்குப் போனேன். இணையத்தில் நேரம் வாங்கிக்கொண்டு வா என்று வாசலிலேயே திருப்பினார்கள். இணையத்தில் நேரமே இல்லை. மறுநாள் மறுபடி போய் நின்றேன். கண்ணாடிக்கு உள்ளே ஒருத்தி போகலாம் என்றாள், அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர் கூடாது என்றார். இருவரும் அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். "என் தம்பி இறந்துவிட்டான்" என்ற பிரெஞ்சு வாக்கியத்தை ரயிலில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போயிருந்தேன். அதைச் சரியாகச் சொன்னேன். அந்தப் பெண் இறப்புச் சான்றிதழ் கேட்டாள். அதை ஊரிலிருந்து வரவழைத்து, மொழிபெயர்க்க வைத்து, கடைசியில் பயணத்துக்கு ஒரு தனிக் காகிதம் வாங்கியபோது கருமாதிக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

கருமாதிக்கு முந்தின சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் படைக்கிற நேரம். வீடு நிறையப் பெண்கள். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. ஒரு பெரியம்மாதான் சத்தமாகச் சொன்னாள்: "சோத்தக் குவிச்சு வைங்கடி. நாலு மாசமா சோறு பாக்காத உயிரு."

மல்லிகா என்னைப் பார்த்தாள். "அண்ணி, நீங்களே சொல்லுங்க. சோறு வைக்கலாமா? இல்ல பாதாமா?"

குத்திக்காட்டத்தான் கேட்டாள் என்று முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படியும் தெரியவில்லை. நிஜமாகவே அவளுக்குத் தெரியாமல் கேட்டாள்.

"சோறு வை மல்லிகா," என்றேன்.

வைத்தாள். கறிக்குழம்பு, முட்டை, வடை, கேசரி, எல்லாம் வைத்தாள். பிறகு அலமாரியைத் திறந்து, பாதி தீர்ந்த ஒரு மாத்திரை அட்டையை எடுத்துவந்து இலை ஓரத்தில் வைத்தாள்.

"இன்னாடி இது?" என்றாள் பெரியம்மா.

"இத அண்ணிகிட்ட மறைக்கச் சொன்னாரு. நானும் கரண்டியக் கையில வெச்சிக்கினு, பின்னாடி நின்னுக்கினு மறைச்சேன். இனிமே எதுக்கு?"

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். நானும் அவனிடம் மறைத்தேன் மல்லிகா, அதனால்தான் அவன் பாதாமையும் விட்டான் என்று. அத்தனை பெண்கள். வாய் வரவில்லை. கற்பூரம் ஏற்றினார்கள். கும்பிட்டேன். மூன்றாம் நாள் விமானம் ஏறிவிட்டேன்.

தவளக்குப்பத்துப் பெண்ணுக்கு என் பதில் இதுதான். பேலியோவில் எடை குறைகிறது. எனக்கு ஐந்து, என் தம்பிக்கு ஏழு, அது பொய் இல்லை. ஆனால் ஒருத்தர் இளைத்திருப்பதைப் பார்த்து அவர் என்ன சாப்பிட்டார் என்று மட்டும் கேட்காதே. மாத்திரை சாப்பிடுகிறவளாக இருந்தால், என்னிடமும் கேட்காதே, பந்தியில் யாரிடமும் கேட்காதே. மாத்திரை கொடுத்த டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேள்.

6

இதை இங்கே முடித்துவிடலாம் என்றிருந்தேன். நேற்று புதன்கிழமை. எனக்குப் பள்ளியில் வேலை இல்லாத நாள். மதியம் மல்லிகாவிடமிருந்து போன். கருமாதிக்குப் பிறகு இந்த எட்டு மாதத்தில் நான்தான் கூப்பிடுவேன், "நல்லா இருக்கோம் அண்ணி" என்று முடித்துக்கொள்வாள். அவளாகக் கூப்பிட்டது இதுதான் முதல்.

"அண்ணி, எனக்கும் சுகர் வந்திருக்கு. போன வாரம் பாத்தாங்க. மாத்திர குடுத்திருக்காங்க. யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்ட சொல்லிடணும்னு தோணுச்சு."

 என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "மல்லிகா, அபி ஹாஸ்டல்ல இல்ல. வூட்ட வுட்டுப் போய்ட்டா."

"எப்ப?"

"ஒன்றர வருஷத்துக்கு மேல ஆச்சு. நான்தான் வாசப்படி மிதிக்காதன்னு சொன்னேன். சாப்பிட முடியல. அதுலதான் எளச்சேன். பேலியோவுல அஞ்சு கிலோதான் போச்சு."

  

"அப்ப, அவரு கேட்டப்போ..."

"அப்பவே போய்ட்டா. எல்லாம் பேலியோன்னு சொல்லிட்டேன்."

"சொல்லியிருக்கலாமேண்ணி," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"சொல்லியிருக்கலாம்."

"நானும்தான் சொல்லியிருக்கலாம்."

இரண்டு பேரும் அழுதோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூக்கைச் சிந்திவிட்டு அவள்தான் முதலில் பேசினாள். "அபியப் போய்ப் பாருங்கண்ணி. கூப்பிட்டாதான் போவணும்னு சட்டமா?" பிறகு, "மணி நாலாவப் போவுது, இன்னும் அடுப்புகூட மூட்டல. எதுவும் எறங்க மாட்டேங்குது. காலையில மாத்திர போட்டதோட சரி" என்றாள்.

"மாத்திர போட்டுட்டு சாப்பிடாம இருக்கியா?"

"பசிக்கல அண்ணி."

"எழுந்துரு!" என்று கத்தினேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. அடுத்த அறையிலிருந்து என் வீட்டுக்காரர் ஓடிவந்து நின்றார். "எழுந்து போய் மொதல்ல ஒரு வாய் சக்கரயப் போடு. அப்பறம் சாப்பாடு எடுத்துக்கினு வா. போன வைக்க மாட்டேன். நீ சாப்பிடற சத்தம் எனக்குக் கேக்கணும்."

"சரிண்ணி, கத்தாதீங்க. பக்கத்து வூட்ல ஒரு தோச கேக்கறேன்."

கதவு திறக்கும் சத்தம், யாரோ இரண்டு பேர் பேசும் சத்தம், பிறகு தட்டைத் தரையில் வைக்கும் சத்தம். காதில் போனை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெல்வது கேட்டது. இரண்டு வாய் உள்ளே போன பிறகு கேட்டாள்:

"நீங்க சாப்டீங்களா அண்ணி?"

எப்போதும் 'ஆச்சு' என்றுதான் சொல்வேன். "இல்ல மல்லிகா," என்றேன்.

"நானும் வைக்க மாட்டேன். போய் எடுத்துக்கினு வாங்க."